மலையேறிய மழைத் தண்ணீர்

நான் ஓய்வு பெற்ற பிறகு தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் போன், சாய்ந்து நிற்கும் பஸ்ஸைப் பற்றியது. பேசியவர் நான் இருந்த சோதனைப் பிரிவில் இப்போது இன்ஜினியராக இருக்கும் பெண். பேட்டரியில் ஓடும் புது பஸ்கள் வடக்கே ஒரு மலை ஊருக்குப் போயிருக்கின்றன. காலையில் பார்த்தால் சில வண்டிகள் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடுகின்றன.

"இப்ப உயரம் பாக்குறதுக்கு சென்சார் இருக்கு சார். எவ்வளவு எறங்கியிருக்குன்னு கம்ப்யூட்டர்ல வந்துடுது. ஏன் எறங்குதுன்னுதான் வரமாட்டேங்குது. நீங்க ஒரு குளிர்காலம் முழுக்க அங்க இருந்தீங்களாமே, தெரிஞ்சத எழுதிக் குடுங்களேன்" என்றார்.

ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். அவர்களுக்கு வேண்டியது அதுதான். ஆனால் அனுப்பிய பிறகு, வாலாஜாபாத்தில் ஆளில்லாத வீட்டில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் பகல்களில், அந்தப் பக்கத்தில் எழுதாமல் விட்டதெல்லாம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

ஏர் சஸ்பென்ஷன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பழைய பஸ்ஸில் சக்கரத்துக்கு மேலே இரும்புப் பட்டைகள் அடுக்கிய ஸ்பிரிங் இருக்கும். சொகுசு பஸ்ஸில் அந்த இடத்தில் காற்று நிரப்பிய ரப்பர் பைகள் இருக்கும். வண்டியின் மொத்த எடையும் அந்தப் பைகள் மேல்தான். ஆள் ஏறி வண்டி தாழ்ந்தால் ஒரு சின்ன வால்வு திறந்து பைக்குள் காற்றை விடும், ஆள் இறங்கி வண்டி எழும்பினால் காற்றை வெளியே விடும். அந்த வால்வுக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு கம்பி இருக்கிறது. வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று வால்வுக்குத் தெரிவது அந்தக் கம்பி ஏறி இறங்குவதை வைத்துத்தான்.

குளிர் வந்தால் மூன்று சங்கடம். காற்று சுருங்கும், அதனால் வண்டி கொஞ்சம் இறங்கும். ரப்பர் இறுகும், இணைப்புகளில் கசியும். இவை இரண்டும் என்ஜினைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூன்றாவதுதான் பொல்லாதது. காற்றுக்குள் ஈரம் இருந்தால் அது உறைந்துபோய் வால்வை அடைத்துக்கொள்ளும்.

நான் அம்பத்தூரில் அப்ரன்டிஸாக இருந்து, பிறகு பிரேக் பிரிவு, அசெம்பிளி லைன் என்று சுற்றி, ஒரகடத்தில் தொழிற்சாலை வந்தபோது ஊருக்குப் பக்கமாயிற்றே என்று மாறிக்கொண்டு வந்தவன். அங்கே ஒரு குளிர் அறை கட்டினார்கள். ஒரு முழு பஸ் உள்ளே நிற்கும். வெளியே சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடக்கும்போது உள்ளே மூக்குத் தண்ணீர் உறையும். அந்த வேலைக்கு யாரும் போகவில்லை. எனக்குச் சளி பிடிக்காது என்று யாரோ சொல்லிவிட்டதால் என்னைப் போட்டார்கள்.

ராத்திரி முழுவதும் வண்டியைக் குளிரில் ஊறப்போட்டு வைப்பார்கள். காலையில் நான் உள்ளே போவேன். முதலில் எதையும் தொடக்கூடாது. வண்டியைச் சுற்றி வந்து நாலு மூலையிலும் இரும்பு ஸ்கேலை வைத்து உயரம் பார்க்கவேண்டும். வெளியே கசிவு பார்ப்பதற்குச் சோப்புத் தண்ணீர் பூசினால் நுரை வந்துவிடும். இங்கே சோப்புத் தண்ணீரே கல்லாகிவிடும். ஆகவே காதால்தான் பார்க்கவேண்டும். குல்லாயை விலக்கி, ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். கசிவு இருந்தால் மெல்லிசாக ஒரு உஸ் கேட்கும். அறைக்கு வெளியே கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், நான் விழுந்துவிட்டால் கதவைத் திறக்க. அவருக்கும் எனக்கும் பேச்சு கிடையாது, கைச்சாடைதான்.

பாதியில் வெளியே வந்தால் அறையின் குளிர் போய்விடும் என்பதால் என் சாப்பாட்டு நேரம் எப்போதும் தப்பிவிடும். நான் கேன்டீனுக்குப் போகும்போது மேசையைத் துடைத்து நாற்காலியைக் கவிழ்த்திருப்பார்கள். எதிரே வருகிறவர்கள், "ஊட்டி வருது பார்ரா" என்பார்கள். பெயர் அப்படியே நின்றுவிட்டது. சம்பள நாளில்கூட ஊட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். தாமோதரன் என்று என்னை முழுசாகக் கூப்பிட்டவர் சேவியர் சார் ஒருவர்தான்.

சேவியர் சார் எங்கள் பிரிவின் மேனேஜர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒல்லி ஆள், குரல் உயராது. மடித்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்று எப்போதும் கையில் இருக்கும். நாம் போய் "சார், அந்த வால்வு போயிடுச்சு" என்றால் நிமிர்ந்து பார்ப்பார்.

"பாத்தியா, கேட்டியா, இல்ல எவனாவது சொன்னானா?"

பார்த்தேன் என்றால், எங்கே நின்று பார்த்தாய் என்பார். கேட்டேன் என்றால், எந்தக் காதால் என்பார். சொன்னார்கள் என்றால், "அத ஓரமா வையி. மொதல்ல நீ பாத்துட்டு வா" என்பார். திட்டமாட்டார். ஆனால் ஓரமாக வைக்கச் சொன்ன விஷயத்தை ஒருநாளும் மறக்கவும் மாட்டார். அதை நாம் கொண்டுவந்து சேர்க்கும்வரை தினமும் விசாரிப்பார். அவருக்குக் கீழே வேலை பார்ப்பது கஷ்டம். அவர் போன பிறகு வேறு யாருக்குக் கீழேயும் வேலை பார்ப்பது எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு கார்த்திகை மாதம் அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். இமயமலைப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு எங்கள் பஸ்கள் ஒரு தொகுதி போயிருந்தன. குளிர் தொடங்கியதும் காலையில் இடது பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்று புகார் வந்தது. அதற்குள் ஒரு வண்டி வளைவில் திரும்பும்போது சாய்ந்து பாறையில் உரசிவிட்டது. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. அந்தப் பக்கம் பாறை இருந்ததால் அதோடு போயிற்று. எதிர்ப்பக்கம் பள்ளத்தாக்கு.

"வால்வுக் கம்பிய டிரைவர் கழட்டி மாத்திட்டான்னு சொல்லுதாங்க. தெனமும் காலைல வண்டிக்கு அடியில கெடந்தானாம். சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க" என்றார் சார்.

"அது ஓரமா வைக்க வேண்டியது சார்."

அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "போயிட்டு வா தாமோதரா. குளிர்ல தனியா நின்னு பழகுனவன் நீதான்."

வீட்டில் கஸ்தூரி பையை அடுக்கினாள். என் மாமன் மகள், என்னைவிட வயதில் நன்றாகவே சின்னவள். எங்கள் பெண் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

"எத்தினி நாளாவும் மாமா?"

"பத்து நாளு. மிஞ்சிப்போனா பாஞ்சி."

அந்த டிப்போ ஒரு சரிவில் இருந்தது. தகரக் கொட்டகை, எதிரே பனி மூடிய மலை. நான் போன அன்று காலையில் பஸ்கள் வரிசையாக நின்றன. எல்லாம் நான் உயரம் அளந்து அனுப்பிய மாடல். பாதி வண்டிகள் ஒரு பக்கம் முழங்காலிட்ட மாதிரி கிடந்தன.

அந்த டிரைவர் பெயர் ரத்தன் சிங். சஸ்பெண்ட் ஆன பிறகும் அவன் தினமும் யூனிபார்ம் கோட்டைப் போட்டுக்கொண்டு டிப்போவுக்கு வந்து, வாசலில் எரியும் நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருப்பான். வீட்டில் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. மற்ற டிரைவர்கள் அவனிடம் பேசமாட்டார்கள். பேசினால் தங்களுக்கும் ஏதாவது வருமோ என்று பயம். என்னிடமும் யாரும் பேசவில்லை, என் இந்தி அப்படி. ஆக, நெருப்புக்கு இந்தப் பக்கம் அவனும் அந்தப் பக்கம் நானுமாக உட்கார்ந்தோம்.

டிப்போ மேனேஜர் மோசமானவர் இல்லை. தன் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். "தினமும் கெட்டிலோடு வண்டிக்கு அடியில் போவான். நானே பார்த்தேன்."

பாறையில் உரசிய வண்டிக்கு அடியில் நான் போய்ப் பார்த்தேன். எங்கள் லைனில் வால்வுக் கம்பியின் நட்டை முறுக்கியதும், நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுப்போம். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்துவிடும். அந்த வண்டியில் கோடு அப்படியே நேராக இருந்தது. ஒரகடத்தில் யாரோ இழுத்த கோடு. மேனேஜரைக் குனியவைத்து டார்ச் அடித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்படியானால் கெட்டில் எதற்கு?" என்று கேட்டார்.

ரத்தன் சிங்கைக் கேட்டேன். அவன் இரண்டு கையையும் நீட்டினான். விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. வால்வு உறைந்துபோகிறது, வெந்நீர் ஊற்றினால் கொஞ்சம் இளகுகிறது, வண்டி நிமிர்கிறது, அதற்காகத்தான் ஊற்றினேன் என்றான். தண்ணீர் உள்ளே எப்படி வந்தது என்று அவன் என்னைக் கேட்டான். எனக்குத் தெரியவில்லை.

வால்வைக் கழற்றி என் அறைக்குக் கொண்டுபோய் ஒரு டம்ளரில் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் டம்ளரின் அடியில் தண்ணீர் நின்றது. பைகளுக்குக் காற்று தரும் டேங்கின் வடிகுழாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. சூடான துணியைச் சுற்றிவைத்துக் காத்திருந்தேன். முதலில் ஒரு துப்பல், பிறகு கலங்கலாகத் தண்ணீர் கொட்டியது.

அந்த வண்டிகளில் காற்றை உலர்த்திவிட்டு டேங்குக்கு அனுப்பும் கருவி இருக்கிறது. அது நன்றாகவே வேலை செய்தது. உலர்த்தி இருப்பதால் டேங்கைத் தினமும் வடிக்க வேண்டியதில்லை என்று நாங்கள் கொடுத்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறோம். அப்படியானால் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

அந்த ஊரில் போனில் சிக்னல் எடுப்பது கொட்டகையின் மாடிப்படியில் ஒரே ஒரு முனையில்தான். அங்கேதான் காற்றும் அடிக்கும். ஒரு காதைப் பொத்திக்கொண்டு சேவியர் சாரிடம் கத்தினேன்.

"தண்ணிய பாத்தியா?"

"பாத்தேன் சார். டம்ளர்ல புடிச்சி வெச்சிகீறேன்."

"சாஞ்ச வண்டியெல்லாம் எப்ப இங்கேருந்து வெளிய போச்சு? சாயாத வண்டி எப்ப போச்சு? ரெண்டையும் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். சாய்ந்தவை எல்லாம் ஐப்பசியில் தயாரானவை. ஐப்பசி என்றால் ஒரகடத்தில் அடைமழை. அதைச் சொன்னதும், "நான் போய் ஒண்ணு பாத்துட்டு வாரேன்" என்றார்.

அவர் என்ன செய்தார் என்று பிறகு லைனில் இருந்தவர்கள் சொன்னார்கள். பஸ் அசெம்பிளி முடிந்து நகரவேண்டுமானால் பிரேக் விடுபடவேண்டும், அதற்கு டேங்கில் காற்று வேண்டும். அதனால் லைன் கடைசியில் தொழிற்சாலைக் குழாயிலிருந்து நேராக டேங்குக்குக் காற்று பிடித்துவிடுவோம். வண்டியின் உலர்த்தி வழியாக அது போகாது. சேவியர் சார் அந்தக் குழாயைத் திறந்து தன் வெள்ளைக் கைக்குட்டையை அதன் வாயில் பிடித்தார். கைக்குட்டை சொட்டச் சொட்ட நனைந்தது. மழைக்காலம் முழுவதும் கம்ப்ரசர் அறையின் பெரிய உலர்த்தி பழுதாகிக் கிடந்திருக்கிறது, ஒருவரும் அதை பஸ்ஸோடு சேர்த்து யோசிக்கவில்லை.

அந்த ஈரக் கைக்குட்டையோடேயே அவர் மேலே இருந்தவர்களைப் பார்க்கப் போனார். மலை ஊரில் பராமரிப்பு சரியில்லை என்று எழுதி முடித்துவிடலாமே என்று ஒருவர் சொல்லிப்பார்த்திருக்கிறார்.

"அங்க வானத்துலருந்து விழுதது பனி. வண்டிக்குள்ள கெடக்கது நம்ம ஐப்பசி மழ. நாம ஏத்தி அனுப்புனதுக்கு அந்த டிரைவரு எதுக்கு வீட்டுல இருக்கணும்?" என்றாராம் சார். தவறு எங்களுடையது என்று அவர் பெயரிலேயே கடிதம் போயிற்று. ரத்தன் சிங்குக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

அதோடு நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் மிச்ச வண்டிகளில் தண்ணீர் இருந்ததே. ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து, சூடேற்றி, வடித்து, குழாய்களைக் கழற்றி உலர்ந்த காற்றால் ஊதி, வால்வு மாற்றவேண்டும். சூடேற்ற வசதியுள்ள கொட்டகையில் ஒரே ஒரு வண்டிதான் நிற்கும். ரூட்டிலிருந்து வண்டியை விடுவிக்க அவர்களுக்கு மனம் வராது. நாள் இழுத்துக்கொண்டே போனது. பொங்கலுக்கு வந்துவிட நினைத்தேன், முடியவில்லை. பொங்கல் கழிந்து பனி பலமாக விழுந்து வழி மூடிவிட்டது.

அந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்கு அதிகம் தெரியவில்லை. பகலில் வண்டிக்கு அடியில் இருப்பேன். சாயங்காலம் அறைக்குப் போனால் பேசுவதற்கு ஆள் கிடையாது. ஒரகடத்திலிருந்து உதிரிபாகங்கள் வந்த பெட்டிகளில் உடையாமல் இருக்கத் தமிழ் நாளிதழ்களைக் கசக்கி அடைத்திருந்தார்கள். அவற்றை ஒவ்வொன்றாக நீவி விரித்துப் படித்தேன். காஞ்சிபுரம் பட்டுக்கடை விளம்பரம், வரன் தேவை, யாரோ ஒரு முன்னாள் தலைமையாசிரியருக்கு நினைவஞ்சலி. பாதி கிழிந்த செய்திகளுக்கு மீதியை நானே சொல்லிக்கொள்வேன், வாய்விட்டு. தமிழ் காதில் விழவேண்டும் என்றிருந்தது.

முதல் வண்டியை முடித்ததும் அதே வளைவில் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றேன். எந்த டிரைவரும் முன்வரவில்லை. ரத்தன் சிங் ஏறி உட்கார்ந்தான். பயணிகளுக்குப் பதில் சீட்டுகளில் மணல்மூட்டை. நான் பின் அச்சுக்கு நேர்மேலே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். நல்ல வெயில் அடித்த காலை, ரோடு கண்ணாடி மாதிரி மின்னியது. வளைவுக்கு முன்னால் அவன் வண்டியை நிறுத்தினான். கீழே இறங்கி இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தான். ரப்பர் பைகளை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தினான். திரும்ப ஏறும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். வண்டி வளைவில் திரும்பியது. அதன் உடம்பு ஒரு பக்கம் சரிந்து, பிறகு மெல்ல நிமிர்ந்து நின்றது. பாறைக்கும் எங்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது. அந்தப் பக்கம் போனதும் அவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். நான் என் இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். போய்த் தோளில் கைவைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு சில குளிர்காலங்கள் அவன் போன் செய்தான். "வண்டி நேராக நிற்கிறது" என்பான். நல்லது என்பேன். அதற்குமேல் இருவருக்கும் பாஷை இல்லை. ஒரு வருஷம் போன் வரவில்லை, நான் கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை. சேவியர் சாரை வேறு ஊர் அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதவி உயர்வு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அவர் போன பிறகு கேன்டீனில் என்னைக் கூப்பிட ஊட்டி என்ற பெயர் மட்டுமே மிஞ்சியது.

அந்தக் குளிர்காலம் முடிந்து, வழி திறந்து நான் வாலாஜாபாத் வந்து சேர்ந்தது பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு பானு அக்கா சாவியைக் கொண்டுவந்து தந்தார்.

"கஸ்தூரி வேலைக்குப் போய்கீது. அஞ்சாறு வாரமாவுது. உனக்குத் தெரியாதா?"

சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸிலிருந்து அவள் இறங்கி வந்தாள். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. நான் அவளை அப்படிப் பார்த்ததேயில்லை, நன்றாக இருந்தாள்.

"எங்கிட்ட சொல்லவேயில்லையே?"

"போன்ல சொன்னேனே மாமா. நீ ம்முன்னியே."

டிப்போவின் அந்த மாடிப்படியில் நின்று நான் எத்தனையோ முறை ம் என்றிருக்கிறேன். காற்றுக்கு நடுவே மறுமுனையில் குரல் கேட்டாலே போதும் என்று ம் சொல்வேன். சொல்லியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். அதன்பிறகு அவளுக்கு ஒரு ஷிப்டு, எனக்கு ஒரு ஷிப்டு. பெண் வளர்ந்தாள், ஓசூரில் கட்டிக்கொடுத்தோம். இப்போது எனக்கு ஷிப்டு இல்லை, அவளுக்கு இருக்கிறது.

இதுவரை எழுதியதை, போன ஞாயிற்றுக்கிழமை அவள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது படித்துக்காட்டினேன். என் வேலையைப் பற்றி அவளிடம் இவ்வளவு நான் பேசியதில்லை. கை நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். பூட்டிய வீடு வந்ததும் கை நின்றது.

"போன்ல அது மட்டுமா சொன்னேன்?"

"வேற இன்னா சொன்ன?"

"வேலைக்குப் போறதுக்கு முன்ன ஒரு நாளு, பாப்பா ஸ்கூலுக்குப் போயிட்டா வூட்ல ஒத்தையா கீறேன், சொவுத்தப் பாத்துப் பேசறேன், எனக்கு பயமா கீது, வந்துடு மாமான்னேன். நீ ம்முன்ன. நானும் நீ வந்துடுவேன்னு வாசலப் பாத்துகினு இருந்தேன். வர்ல. அப்பறந்தான் பானு அக்கா வேலைக்குக் கூட்டிகினு போச்சி."

"எனக்குக் கேக்கல கஸ்தூரி. அங்க காத்து அப்பிடி."

அவள் என்னையே பார்த்தாள். "கேக்கலயா? இத்தினி வருசமா, கேட்டும் வர்லன்னுல்ல நெனச்சிகினு கீறேன்."

பிறகு அவளே கேட்டாள்.

"அது பொங்கலுக்கு முன்ன. அப்ப வழி மூடிகினு இருந்துச்சா?"

"இல்ல. தொறந்துதான் இருந்துது."

"கேட்டிருந்தா வந்திருப்பியா?"

கொட்டகையில் ஒரு வண்டி பாதி பிரித்த நிலையில் நின்றிருக்கும். வெளியே இன்னும் பாதி வண்டிகள் தண்ணீரோடு நின்றிருக்கும். வந்திருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறவளிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

"தெரியல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபம் இல்லை. "சரி, அதையும் எழுது" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஷிப்டுக்கு நீலச் சட்டையை இஸ்திரி போட உள்ளே போனாள்.